ஐம்பதாவது போர்வை

அத்தியாயம் 17

கிரேஸை நாம் போன வாரம் புதுவாயலில், தண்ணீர் லாரிக்குப் பின்னால், வரிசையில் ஏழாவது ஆளாக இரண்டு குடத்தோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். நமக்குத்தான் அது ஒரு வாரம். அவளுக்கு அரை மணி நேரம். ஆனால் ஒரு குடும்பம் குப்புற விழுவதற்கு அரை மணி நேரம் என்பது ரொம்பத் தாராளம்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. கிரேஸ், சிப்காட்டில் இருக்கும் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே குழந்தைப் போர்வைகளை முடித்துக் கொடுப்பவள். கம்பெனிக்காரர்கள் அதைக் குவில்ட் என்பார்கள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை நான்கு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு வரும். கிரேஸ் சுற்றிலும் நீல நாடா வைத்து வாயை மூடி, பிசிறு வெட்டி, மடித்து அனுப்புவாள்.

அவள் தங்கை ஜெபா. ஜெபாவின் புருஷன் கோபால் இரும்பு ரோலிங் மில் வேலைக்குப் போனவன், மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரவில்லை. மெஷினில் சிக்கிச் செத்ததற்கு 'அவரோட கவனக்குறைவு' என்று மில்லில் ஒரே வரியில் கணக்கு முடித்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு தடவை மில் ஆள் வந்தார். ஆப்பிள் பையைக் கையில் கொடுத்து, "கோபால் சாமான் எதாச்சும் ஊட்ல இருக்குதாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். பழைய வாசகர்களுக்கு அந்த ஆப்பிள் ஞாபகம் இருக்கும்.

வயிற்றில் ஐந்து மாதத்தோடு நின்ற ஜெபா அழவில்லை. கோபாலின் துணிகளை வெட்டி, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் போர்வை தைக்க உட்கார்ந்தாள். பாதிகூட ஆகவில்லை, ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது. ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒரு பெண் குழந்தை. அம்மாவும் மகளும் முப்பத்தோரு நாளாகத் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது பாதிப் போர்வையை அக்காவின் கையில் திணித்து, "நடுவுல கீற சட்டையத் தொடாதக்கா. அத நானே தச்சிட்டேன். சுத்தி மட்டும் நீ முடிச்சிடு" என்றாள் ஜெபா. அதற்குப் பிறகு அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றைக்கு டிஸ்சார்ஜ்.

கிரேஸ் குடங்களை வீட்டுக்குள் இறக்கி வைத்து நிமிர்ந்தாள். போர்வைக் கட்டு இருந்த சுவரோரம் காலியாக இருந்தது.

"அண்ணி, பண்டலு எங்க?"

கன்னியம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கோபாலின் அக்கா. தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். நேற்றே திருவாலங்காட்டிலிருந்து வந்து இறங்கி, குழந்தையை எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்கிற பஞ்சாயத்தை முதல் சுற்று முடித்திருந்தாள்.

"உங்க கம்பெனி வண்டிக்காரரு ஆதிகேசவன் வந்தாரு. ஒரே பேஜாரு. 'எடு எடு, இன்னிக்கு கண்டெய்னரு போவுது'ன்னு குதிச்சாரு. நீ தண்ணிக்குப் போய்க்கீறன்னு சொன்னேன். நானே எண்ணிக் குடுத்தேன். அம்பது. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல."

"அம்பதா?"

"பின்ன? எனக்கு எண்ணத் தெரியாதா? ஆலங்காட்டுல நெல்லு மூட்டைய எண்றவ நானு."

கிரேஸ் திரும்பித் தையல் மெஷினைப் பார்த்தாள். ஊசிக்கு அடியில் கம்பெனிப் போர்வை ஒன்று மூலை மூடாமல் கிடந்தது. அதுதான் ஐம்பதாவது. அப்படியானால் சுவரோரம் இருந்தது நாற்பத்தொன்பது.

நாற்பத்தொன்பது, அதன் மேல் ஜெபாவின் போர்வை.

சுண்ணாம்பு உதிரும் அந்த ஒற்றை அறையில் சுத்தமான இடம் என்று ஒன்று உண்டானால் அது கம்பெனி அடுக்குதான். கீழே தார்ப்பாய், மேலே வெள்ளைத் துணி. நேற்று சாயங்காலம் தங்கையின் போர்வையை முடித்த கையோடு அங்கேதான் வைத்தாள். எப்படி வைத்தாள் என்பதுதான் கூத்து. பூ வேலை உள்ளே, வெள்ளை முதுகு வெளியே, நாடா எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, கம்பெனி சொன்ன எட்டு மடிப்பு. ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது முப்பது மடிக்கிற கை, சொந்தத் துணியையும் அப்படியே மடித்துவிட்டது. முதுகுக்கு வைத்தது கோபாலின் வேட்டி, அதுவும் வெள்ளை. சுற்றி வைத்தது கம்பெனியில் மிஞ்சிய நீல நாடாத் துண்டுகள். பெற்றவளே வந்தாலும் வெளியிலிருந்து வித்தியாசம் சொல்ல முடியாது.

"அண்ணி..." என்றாள் கிரேஸ். "நீங்க குடுத்தது ஜெபா போர்வைய."

கன்னியம்மா கையிலிருந்த பூண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. ஆனால் வியாபாரமோ சண்டையோ, முதலில் இறங்கிப் பேசினவர் கெட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

"உன் ஊட்டுத் துணிய கம்பெனித் துணி மாரியே மடிச்சி, கம்பெனித் துணி மேலயே வெச்சா, எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

"தொடாம இருந்திருக்கலாம் இல்ல? ஊட்டுக்கு வந்தவங்க வந்தாப்பல ஒரு வாய் காபி குடிச்சிக்கினு..."

"ஓகோ! நான் விருந்தாளி. அந்தத் துணியெல்லாம் யாரு துணி? என் தம்பி துணி!"

கிரேஸ் போனை எடுத்தாள். மூன்றாவது தடவைதான் ஆதிகேசவன் எடுத்தார்.

"வண்டில கீறேம்மா. இன்னா?"

"ண்ணா, பண்டல்ல எங்க சொந்தப் போர்வ ஒண்ணு கலந்துடுச்சி. வண்டியத் திருப்புங்கண்ணா."

"எந்த வண்டிய? சரக்க இப்பத்தான் எறக்கிட்டு வெளிய வரேன். ஒரு மணிக்கு ஊசி மெசின்ல வுடுவான், ரெண்டுக்குப் பொட்டி கட்டுவான். சாயங்காலம் ஆர்பர்ல நிக்கும். அப்பறம் உன் போர்வ கப்பல் ஏறி ஃபாரின்ல தூங்கும். குடுத்து வெச்ச போர்வ!"

அவர் சிரித்தார். கிரேஸ் வைத்துவிட்டாள். மணி பதினொன்றரை.

"அது இன்னா, ஊசி மெசினு?" என்றாள் கன்னியம்மா. குரலில் இருந்த ஜபர்தஸ்து திடீரென்று வற்றியிருந்தது.

"தைக்கும்போது ஊசி ஒடஞ்சி துணிக்குள்ள மாட்டிக்கும். வாங்கறவன் கொழந்தைக்குக் குத்திடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் மெசின்ல வுடுவாங்க. கடுகளவு இரும்பு இருந்தாலும் கத்தும்."

"கத்துனா?"

"பிரிச்சி இரும்ப எடுத்து நோட்டுல ஒட்டுவாங்க. போர்வையக் கட்டிங் மெசின்ல குடுத்து நார் நாரா வெட்டிடுவாங்க. அது கம்பெனி ரூல்."

கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கிரேஸு... நான் ஒரு வேல பண்ணிட்டேன்டி."

நேற்று மத்தியானம் கிரேஸ் நூல் வாங்கக் கடைக்குப் போன நேரம். ஜெபாவின் போர்வையில் ஒரு மூலையைப் பிரித்து, முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மாட்டு லாடத் துண்டை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள் கன்னியம்மா. பச்சைக் குழந்தை படுக்கிற துணியில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது. கோபால் படுத்த துணியிலும் அந்த லாடம்தான் இருந்ததாம்.

"சொன்னா நீ சிரிப்ப. ஜெபக் கூட்டத்துல போய்ச் சொல்லுவ. அதான் சொல்லல."

கிரேஸ் சிரிக்கவில்லை. போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ஜெபாவோட அக்காவா? டாக்டர் எழுதிட்டாரும்மா. அஞ்சு மணிக்குள்ள கூட்டிக்கினு போங்க, பெட்டுக்கு ஆளு காத்துக்கினு இருக்கு. ஆனா உங்க தங்கச்சி எழுந்துக்கவே மாட்டேங்குது. கொழந்தைய மாத்திரம் புடிச்சிக்கினு உக்காந்திருக்கு. ஒரு சீட்டுல எழுதிக் காட்டுது. 'போர்வை வந்தால்தான் வருவேன்'னு."

மெஷினிலிருந்த கம்பெனிப் போர்வையின் திறந்த மூலையைக் கிரேஸ் நின்றபடியே நாலே மிதியில் மூடினாள். நூலைப் பல்லால் அறுத்தாள். கைதேர்ந்த வியாபாரி வெறுங்கையோடு பேரத்துக்குப் போகமாட்டான். கொடுக்க ஒன்று கையில் இருந்தால்தான் எடுக்க ஒன்று கிடைக்கும்.

"செருப்பப் போடுங்க அண்ணி."

ஷேர் ஆட்டோவில் பதினோரு பேர். கிரேஸின் மடியில் கம்பெனிப் போர்வை, அதன் மேல் யாரோ ஒரு வடநாட்டுப் பையனின் டிபன் தூக்கு. ஹைவேயில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எதிரே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் கிரேஸ் திரும்பிப் பார்த்தாள், தங்கையின் போர்வை அதில்தான் போகிறது என்பதுபோல.

"தும்ப வுட்டுட்டு வாலப் புடிச்ச..." என்று பழமொழிக்கு வாயெடுத்தாள் கன்னியம்மா.

"அண்ணி. இப்ப வேணாம்."

"சரி. ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். கொயந்த ஆலங்காட்டுக்குத்தான் வரணும். என் தம்பி ரத்தம்."

"அஞ்சு மாசம் வாந்தி எடுத்தது என் தங்கச்சி."

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "சண்டைக்கு எடம் பத்தாது, கொஞ்சம் நவுந்து உக்காருங்க" என்றான்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, கையெழுத்து, போனில் ஒரு விசாரணை. அதெல்லாம் தாண்டி அவர்கள் ஃபினிஷிங் ஹாலுக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐந்து. நீள மேஜையின் நடுவில் ஓடும் பெல்ட். அதன் மேல் வளைவு போட்டாற்போல ஊசி மெஷின். பச்சை விளக்கு. ஒரு போர்வை உள்ளே போனது, வெளியே வந்தது. இன்னொன்று போனது. விளக்கு பச்சையாகவே இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற நந்தினி என்கிற பெண், போர்வைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பண்டல் சீட்டில் 'புதுவாயல்' என்று எழுதியிருந்தது.

ஹாலுக்கு இன்சார்ஜ் சந்திரமோகன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். ஒன்றைக்கூட யாருக்கும் இரவல் கொடுக்காதவர்.

"சார், எங்க லாட்ல ஒரு பீஸ் மாறிடுச்சி. உங்க பீஸ் இங்க கீது. எங்க பீஸக் குடுத்துடுங்க, நாங்க போயிடறோம்."

"எத்தனை பீஸ் வந்துச்சு?"

"அம்பது."

"எத்தனை வரணும்?"

"அம்பது."

"அப்புறம் என்னம்மா? கணக்கு சரியா இருக்கு. ஓடற லாட்டை நிறுத்த முடியாது."

"கணக்கு சரிதான் சார், ஆளுதான் தப்பு. பொட்டியப் பிரிச்சிப் பாக்கறவன் கையில ரோஜாப்பூ டிசைனுக்கு நடுவுல ஒரு கட்டம் போட்ட ஆம்பள சட்டை வரும். பாக்கெட்டோட. இது எந்த மாடல்னு அவன் கேட்டா உங்களைத்தான் கேப்பான், என்னை இல்ல."

சந்திரமோகன் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆள் இறங்குகிறார் என்று கிரேஸுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவள் வாயைத் திறந்தாள்.

மெஷின் கத்தியது.

சிவப்பு விளக்கு. பெல்ட் நின்றது. ஹாலில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெட்டல் சார்" என்றாள் நந்தினி. போர்வையை எடுத்து ஓரமாக இருந்த சிவப்புத் தொட்டியில் போட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில்தான் வெட்டுகிற மெஷின் இருந்தது.

கிரேஸ் ஓடிப்போய்த் தொட்டியின் மேல் கையை வைத்தாள்.

"இதான் சார் எங்களது."

"கையை எடும்மா. இரும்பு இருக்கற பீஸ் வெளியே போகக் கூடாது. மேல பாரு, கேமரா. வெட்டித்தான் ஆகணும்."

"வெட்டறது உங்க பீஸுக்கு ரூலா, ஊர்ல கீற எல்லாப் போர்வைக்கும் ரூலா?"

"என்ன பேசற நீ?"

"உங்க பீஸ்ல லேபிள் தச்சிருக்கும் சார். இதுல லேபிள் எங்க? காட்டுங்க. லேபிள் இருந்தா நீங்களே வெட்டுங்க, நான் கத்திரி புடிக்கிறேன்."

அவர் போர்வையை எடுத்துப் புரட்டினார். லேபிள் இல்லை. ஆனால் சந்திரமோகனும் லேசுப்பட்டவர் இல்லை.

"லேபிள் எங்களது இல்ல. நாடா எங்களதாச்சே? நீல நாடா எப்படி உன் வீட்டுப் போர்வைக்கு வந்துச்சு? திருட்டுக் கேஸ் ஆகும், தெரியுமா?"

பேரத்தில் எதிராளி திருட்டுப் பட்டம் கட்டினால் அங்கே நிறைய பேர் சரக்கைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கிரேஸ் போர்வையின் ஓரத்தை அவர் விரலுக்கு நேராகத் திருப்பினாள்.

"தடவிப் பாருங்க சார். ஒட்டு எத்தினி இருக்குன்னு எண்ணுங்க. உங்க ரோல்ல வெட்டியிருந்தா ஒரே ஒட்டுதான் இருக்கும். இதுல இருபத்திரண்டு. எல்லாம் கடைசில மிஞ்சற சாண் துண்டு. குப்பைக்குப் போடச் சொல்லி நீங்கதான் சொன்னீங்க. போட்டேன். குப்பைல இருந்து எடுத்தேன். ஒரு மாசமா சேத்தேன்."

சந்திரமோகன் விரலால் நாடாவைத் தடவிக்கொண்டே போனார். உதடு எண்ணியது. பதினெட்டு, பத்தொன்பது... இருபத்திரண்டில் நின்றார். தையல் தெரிந்த ஆள். அந்த ஒட்டுகள் ஒவ்வொன்றும் மடிப்புத் தெரியாமல் போட்டிருந்ததைப் பார்த்து ஒரு கணம் வேலையை மறந்துவிட்டார்.

"யாருக்கும்மா இது?"

"மில்லுல எறந்து போன அந்தச் சட்டைக்காரரோட பொண்ணுக்கு."

அவர் கேமராவைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார்.

"சரி. வெட்டல. ஆனா இரும்பை எடுத்து நோட்டுல ஒட்டணும். மறுபடி மெஷின்ல விட்டு, சத்தம் இல்லாம வந்தாத்தான் வெளியே அனுப்புவேன். இதுக்கு மேல கேக்காத."

கன்னியம்மா முன்னால் வந்தாள். "இந்த மூலைதான் நைனா. நான்தான் வெச்சேன்." கத்தரி முனை இரண்டு தையலைத் தூக்கியது. லாடத் துண்டு மேஜையில் விழுந்தது. கன்னியம்மா அதை, சுடுகாட்டில் பால் ஊற்றும்போது பார்த்ததுபோலப் பார்த்தாள்.

போர்வை மறுபடி பெல்ட்டில் ஏறியது.

மெஷின் மறுபடி கத்தியது.

"அண்ணி!"

"ஆலங்காட்டு ஈஸ்வரன் மேல சத்தியமா ஒண்ணுதான்டி வெச்சேன்!"

நந்தினி கையில் பிடிக்கிற சின்ன மெஷினை எடுத்துத் துணியின் மேல் ஓட்டினாள். மூலைகளில் சத்தம் இல்லை. ஓரங்களில் இல்லை. நடுவுக்கு வந்தது; கட்டம் போட்ட சட்டையின் மேல், இடது பக்கப் பாக்கெட்டின் மேல், 'கீ' என்று அலறியது.

நந்தினி கத்தரியை எடுத்தாள். கிரேஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கத்தரி வேணாம் கண்ணு. ஊசி குடு. நானே பிரிக்கிறேன்."

பாக்கெட்டின் வாய் தைத்து மூடியிருந்தது. ஜெபாவின் கைத்தையல். நெல்லில் பாதிகூட இல்லாத பொடித் தையல், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. பாக்கெட்டைச் சட்டையோடு சேர்த்துத் தைக்க இவ்வளவு பாடு எதற்கு என்று கிரேஸுக்கு ஒரு நொடி தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டாள். ஒவ்வொரு தையலாகத் தூக்கி, இரண்டு விரலை உள்ளே விட்டாள்.

ஒரு சாவி. சின்னது. அதோடு கோத்துக் காசு அளவுக்கு ஒரு தகரம். அதில் 114 என்று குத்தியிருந்தது.

"பூட்டுச் சாவி" என்றாள் கன்னியம்மா. "சைக்கிளுதா இருக்கும். எதையும் பாக்கெட்லயே வெச்சிக்கினு துவைக்கப் போடுவான், சின்னதுலேந்து."

சந்திரமோகன் நோட்டைத் திறந்தார். செல்லோடேப்பை இழுத்தார்.

"ரெண்டு தடவை கத்துச்சு. ரெண்டு இரும்பு. ரெண்டும் ஒட்டணும்."

கன்னியம்மா அழ ஆரம்பித்தாள். கூச்சல் போட்டு அழுகிறவள், சத்தமே இல்லாமல் அழுதாள். "லாடத்தக் குடுத்துடு நைனா. அது இல்லாத தொட்டில்ல எங்க ஊட்டுப் புள்ள படுத்ததில்ல. அவன் போய்ச் சேந்தான். அவன் பொண்ணாவது..."

காலையிலிருந்து அந்தப் பொம்பளையைக் கழுத்தை நெரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த கிரேஸ், அவளைப் பார்த்தாள். தம்பியை எடுத்து வளர்த்த கை, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சார், ஒரு பீஸு. ஒரு பீஸுக்கு ஒரு என்ட்ரி. ஒரு என்ட்ரிக்கு எதுக்கு சார் ரெண்டு இரும்பு?"

"நீ வியாபாரம் பண்ணிப் பொழைக்கலாம்மா."

"ஒண்ண ஒட்டிக்குங்க. ஒண்ணக் குடுங்க."

சந்திரமோகன் மணி பார்த்தார். லாட் நின்றுபோய் அரை மணி ஆகியிருந்தது. "எதையாவது ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

கிரேஸ் யோசிக்கவேயில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம், ஒரு வீட்டுக் குழந்தைகள் எல்லாம் தொட்டுத் தூங்கின இரும்பு. மறுபக்கம், எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவி. லாடத்தை எடுத்துக் கன்னியம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

போர்வை மூன்றாவது தடவை மெஷினுக்குள் போனது. பச்சை.

சந்திரமோகன் சாவியை நோட்டில் வைத்து டேப்பை ஒட்டினார். ஒட்டும்போது தகரத்தின் எண்ணைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இறந்தவர் எந்த மில்லும்மா?"

கிரேஸ் சொன்னாள். அவர் போனை எடுத்து, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லா என்ட்ரிக்கும் அப்படித்தான் எடுப்பார் போலிருக்கிறது என்று கிரேஸ் நினைத்தாள். வெற்றியோடு திரும்புகிறவர்கள் கதவைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

புதுவாயலிலிருந்து திருவள்ளூர் பஸ், பெரியபாளையம் வழி. இரண்டு பேர் சீட்டில் நடுவில் போர்வை விரிந்து கிடந்தது. கிரேஸ் பாக்கெட்டின் வாயைத் தைத்தாள். கன்னியம்மா தன் மூலையைத் தைத்தாள், லாடத்தோடு. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இரண்டு ஊசியும் வழி மாறின.

"நீங்க தைக்கறது தையலா, இல்ல முள்வேலியா?"

"உறுதியா இருக்கும்டி. உன்னாட்டம் மினுக்கத் தெரியாது." கன்னியம்மா நூலைக் கடித்தாள். லாடம் இருந்த மூலையை ஒரு முறை தடவினாள். "கொயந்த உன் ஊட்லயே இருக்கட்டும் கிரேஸு. இன்னும் ரெண்டு மாசம். அக்கா பக்கம் இருந்தாத்தான் ஜெபாவும் தேறுவா. நான் வாரத்துக்கு ஒருக்கா வந்து போறேன்."

கிரேஸ் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் குத்தியிருக்கும். "வாரத்துக்கு ரெண்டு தடவையா வாங்க அண்ணி" என்றாள். "ஆனா என் அடுக்கத் தொடாதீங்க."

வெங்கல் தாண்டும்போது கன்னியம்மா சிரித்தேவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

வார்டுக்குள் நுழையும்போது நாலேமுக்கால். ஜெபா கட்டிலின் விளிம்பில், கைக்குள் குழந்தையை ஒடுக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் வாசலில் இருந்தது. போர்வையைப் பார்த்ததும் எழுந்தாள். குழந்தையைக் கன்னியம்மாவின் கையில் கொடுத்தாள். "என் ராசாத்தி" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

கிரேஸ் போர்வையை மெத்தையில் விரித்தாள். இருபத்திரண்டு ஒட்டு, நான்கு மூலை, பிசிறு இல்லாத ஓரம். பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு பார்வை, ஒரு சின்னத் தலையாட்டல் கிடைத்தால் போதும் என்று நின்றாள்.

ஜெபா ஓரத்தைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்க்கவில்லை. அவள் கை நேராக நடுவுக்குப் போனது. சட்டையின் மேல், இடது பாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விரல்கள் துணியைக் கசக்கித் தேடின. பிறகு பாக்கெட்டின் வாயில் புதுத் தையலைப் பார்த்தாள்.

முப்பத்தோரு நாளாக மூடியிருந்த வாய் திறந்தது.

"சாவி எங்கக்கா?"

கிரேஸ் பாக்கெட்டைப் பார்த்தாள். "அது... கம்பெனில... இரும்புன்னு நோட்டுல ஒட்டிட்டாங்கடி. பழைய சாவிதானே? போர்வைய வெட்ட வந்தாங்க. போர்வைய மீட்டுக்கினு வரதே..."

"யார் கையில குடுத்த?"

"இன்சார்ஜ் சார் கிட்ட. போட்டோ எடுத்துக்கினு..."

ஜெபா கட்டிலில் உட்கார்ந்தாள். விழுந்தாள் என்றும் சொல்லலாம்.

"அது மில்லு லாக்கர் சாவிக்கா. அவரு பேர்ல இல்ல, அந்த நம்பர் தெரிஞ்சாத்தான் எதுன்னு தெரியும். மெசின்ல பாதுகாப்பு மூடி இல்லன்னு அவரு எழுதிக் குடுத்த லெட்டருங்க எல்லாம் அதுலதான் கீது, மேனேஜர் கையெழுத்தோட. 'எனக்கு எதாச்சும் ஆனா, இத யார் கையிலயும் குடுக்காத'ன்னு குடுத்துட்டுப் போனாரு. ஆப்பிள் பையோட வந்தானே, அவன் தேடினது இதைத்தான்."

கன்னியம்மாவின் தோளில் குழந்தை சிணுங்கியது. யாரும் தட்டிக்கொடுக்கவில்லை.

ஜெபா போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காலியான பாக்கெட்டின் மேல் கை அப்படியே இருந்தது.

"பூரா ஊட்டையும் தேடுவாங்க, கொழந்த துணிய மட்டும் யாரும் தேட மாட்டாங்கன்னு நெனச்சேன்க்கா. அதுக்கோசரம்தான் இந்தப் போர்வையே தைக்க ஆரம்பிச்சேன்."